ஆட்டிசம் உள்ள மகனின் வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளை அம்மாவே நிரப்பலாமா?

மகனுக்கு 18 முடிந்துவிட்டது, பேசுவான், ஆனால் எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறான், அதனால் நானே டிக் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் தனித் தாளில் போடுங்கள். அவன் தாளோடு கலக்க வேண்டாம்.

எங்களுக்குக் காட்பாடி. என் தம்பிக்கு 22 வயது, ஆட்டிசம். மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கப் போனபோது, ஆட்டிசம் எந்த அளவு என்று பார்க்கும் இந்திய அளவுகோலான ஐ.எஸ்.ஏ.ஏ.-வை (ISAA) வைத்து மார்க் போட்டார்கள். 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. 70-ஐத் தொட்டால் ஆட்டிசம், 153-ஐத் தாண்டினால் தீவிரம். கண்ணைப் பார்த்துப் பேசுகிறானா, சொன்னதையே சொல்கிறானா என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே போனார்கள். அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான். சான்றிதழுக்கு அது வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த 40-ல் ஒன்றுகூட "உனக்கு எப்படிப்பா இருக்கு" என்று அவனைக் கேட்கிற கேள்வி இல்லை.

அதைக் கேட்பதற்கென்று இருப்பது உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளான ஹூகால்-பிரெஃப் (WHOQOL-BREF). 26 கேள்வி. உடல், மனம், உறவு, சுற்றுச்சூழல் என நான்கு பகுதி. கடந்த இரண்டு வாரத்தை நினைத்து 1 முதல் 5-க்குள் பதில் சொல்ல வேண்டும். வலி, மருந்தை நம்பியிருப்பது, மனச்சோர்வு, இந்த மூன்று மட்டும் தலைகீழ். அங்கே 1 என்றால்தான் நல்ல நிலை. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. "இன்னாக்கா, தப்பா அச்சடிச்சிருக்காங்க" என்று பேனாவை வைத்துவிட்டான். அன்றைக்கு அதோடு சரி.

மறுநாள் வரிசையாக எல்லாவற்றுக்கும் 3 போட்டான். நடுவில் போட்டால் சீக்கிரம் முடியும் என்று கணக்கு! உணர்ச்சியை எண்ணாக மாற்றுவது அவனுக்குக் கஷ்டம். ஆட்டிசம் உள்ள பலருக்கும் அப்படித்தான். அப்புறம் ஐந்து எவர்சில்வர் டம்ளரை மேசையில் வைத்தேன். முதலாவது காலி, கடைசியில் தளும்பத் தண்ணீர், நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக. "தூக்கம் திருப்தியா இருக்கா?" என்றதும் காலி டம்ளரில் விரலை வைத்தான்.

எங்கள் யாருக்கும் தெரியாது. ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவான், நன்றாகத் தூங்குகிறான் என்றுதான் அம்மா தன் தாளில் 5 போட்டிருந்தார். விசாரித்தால், சீலிங் ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக் என்கிறதாம். வேலூர் வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டுப் படுக்க முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான், எத்தனை வருஷமோ.

நண்பர்கள் கேள்வியில் கதை தலைகீழ். அம்மா கண் கலங்கி 1 போட்டார். அவன் போட்டது 4. ஜங்ஷன் பக்கத்து டீக்கடை அண்ணன் தினமும் சாயந்திரம் எந்த வண்டி லேட் என்று அவனுக்குச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, அதற்காக ஒரு மார்க் குறைத்தானாம்.

உறவு பகுதியில் மொத்தமே மூன்று கேள்விதான். அதில் ஒன்று பாலுறவு பற்றியது. அம்மா அதைப் பார்த்ததும் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். வெட்கப்பட்டு நாம் அதைத் தாண்டினால் மிச்சம் இரண்டே கேள்வி. அந்தப் பகுதியின் கணக்கே ஆடிப்போகும். தாண்டுவதா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும். தாளை அவன் கையில் கொடுத்துவிட்டு நானும் எழுந்து போய்விட்டேன்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. பிள்ளைகள் தாங்களே சொல்வதைவிடப் பெற்றோர் குறைவாக மதிப்பிடுவதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. 2016-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தது: "உங்கள் கருத்து என்ன" என்று கேட்டபோது சொன்னதைவிட, "உங்கள் மகன் இருந்தால் எதை டிக் செய்வான்" என்று கேட்டபோது அம்மாக்கள் சொன்ன பதில் பிள்ளைகளின் பதிலுக்கு நெருக்கமாக இருந்தது. உங்கள் தனித் தாளை நிரப்பும்போது இப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் 2018-ல் ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கென்று ஹூகால்-பிரெஃபோடு சேர்த்துக் கேட்க ஒன்பது கேள்விகள் வந்தன. தெரிந்தவர்களிடம் நீ நீயாக இருக்க முடிகிறதா, சத்தமும் வெளிச்சமும் தொந்தரவா என்கிற மாதிரி. நானே மொழிபெயர்த்து வாயால் தமிழில் சொல்லிக் கேட்டேன். அதனால் மார்க்கைக் கணக்கில் எடுக்கவில்லை, பதிலை மட்டும் நோட்டில் எழுதி வைத்தேன்.

ஃபேனை மாற்றினோம். ஆறு மாதம் கழித்து மறுபடி டம்ளரை அடுக்கினேன். தூக்கத்துக்கு மூன்றாவது டம்ளர். மீதி ஏன் நிரம்பலை என்றேன். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் கீச் கீச் என்று கத்துகிறதாம்.