கரும்பலகையில் ஒரு சொல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். தபால் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் குடியிருப்பின் வாசலில், தண்ணீர் திறந்துவிடும் நேரத்தை எழுதுவதற்காக ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறார்கள். நான்கு ஆண்டுகளாக அதன் கீழ்ப்பாதியில் தினமும் காலையில் ஒரு சொல்லும் அதன் பொருளும், கூடவே ஒரு தகவலும் எழுதிவந்தேன். பால் வாங்க வருகிறவர்கள் நின்று படிப்பார்கள். பிள்ளைகள் சிலர் நோட்டில் எழுதிக்கொள்வதும் உண்டு.

சென்ற மாதம் ஒருநாள், 'தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது' என்று எழுதினேன். சிறு வயது முதல் கேட்டுவந்த செய்திதான். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி அதைப் படித்துவிட்டு, "பாட்டி, போன லீவில் கல் சுட்டபோது நாம் அந்த நிழலுக்குத்தானே ஓடினோம்?" என்று கேட்டாள். எனக்குப் பேச்சே வரவில்லை. அன்றே அழித்துவிட்டேன். அதன் பிறகு சாக்பீஸைக் கையில் எடுக்கவே மனம் வரவில்லை. எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர், "துணுக்குகளால் பொழுது போகும், அறிவு வளராது" என்று முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருப்பார். அவர் சொன்னதுதான் சரியோ? தொடர்ந்து எழுதலாமா, விட்டுவிடலாமா?

ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள அம்மா,

எழுதுங்கள். நாளைக் காலையிலேயே எழுதுங்கள். நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய ஆயிரத்து நானூறு சொற்களை ஒரு தெருவாசலில் நிறுத்தியிருக்கிறீர்கள். ஒரு பிழைக்காக அது நின்றுபோவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பேராசிரியருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். துணுக்கு என்றால் சிறு துண்டு. அதை ஒட்டியே அகராதியில் துணுக்குறுதல் என்ற சொல்லும் இருக்கிறது. திடுக்கிடுதல் என்று பொருள். நல்ல துணுக்கு இந்த இரண்டுமாகவும் இருக்கும். அளவில் சிறியது, படித்ததும் உள்ளே ஏதோ ஒன்று அசைந்துகொடுக்கும். துணுக்குகளை மட்டுமே படித்தால் அறிவு வளராது என்று அவர் சொல்லியிருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் அதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர், நம் முன்னோர் பிள்ளைகளுக்கு மொழியைக் கற்பித்த முறையையே ஒதுக்குகிறார்.

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். சொற்பொருளைப் பாட்டாக்கி வைத்திருந்ததால்தான் அது நாவில் ஏறியது. திவாகரத்தையும் சூடாமணி நிகண்டையும் எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டு தொகுதிகள். பன்னிரண்டாவது தொகுதிக்குப் பெயர் 'பல்பெயர்க் கூட்டத்து ஒருபெயர்'. இருசுடர் எவை, ஐம்பெருங்குழு யார் யார், நவமணிகள் என்னென்ன என்று எண்ணி எண்ணிச் சொல்லும் பகுதி. இன்று வினாடி வினா என்கிறோமே, அதற்கான சரக்கு முழுவதும் அங்கே இருக்கிறது. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்தபோதும் பெயர், பொருள், தொடை ஆகியவற்றோடு தொகை என்று இதற்கென ஒரு பிரிவை வைத்தார். உங்கள் கரும்பலகை அந்த வரிசையில் வருவது. இதை அந்தப் பேராசிரியரிடம் தாராளமாகச் சொல்லலாம்.

ஒரு சொல்லின் பொருளைச் சொல்வதில் என்ன சுகம் என்பதை எனக்கு விளங்கவைத்த சொல் ஒன்று உண்டு. நீங்கள் ஏற்கெனவே எழுதியிருந்தாலும் பரவாயில்லை, இன்னொரு முறை எழுதலாம்.

ஜன்னல். போர்த்துகீசியர்கள் கொண்டுவந்தது. அவர்கள் மொழியில் ஜனேலா. வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு நம் வீடுகளுக்குள் நுழைந்த சொற்களில் இதுவும் ஒன்று. மேசை, அலமாரி, சாவி எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். ஜனேலாவுக்கு மூலம் லத்தீன். அங்கே அதற்குச் 'சிறிய கதவு' என்று பொருள். சரி, ஜன்னல் வருவதற்கு முன்னால் நாம் என்ன சொன்னோம்? சாளரம் என்றோம், பலகணி என்றோம். பல கண்களை உடையது பலகணி. இன்னும் பின்னால் போனால் சிலப்பதிகாரத்தில் காலதர் என்ற சொல் இருக்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி. புகார் நகரத்து வீடுகளைச் சொல்லும்போது இளங்கோவடிகள் 'மான்கட் காலதர் மாளிகை' என்கிறார். மானின் கண்போன்ற சாளரங்களை உடைய மாளிகை.

இப்போது கடலைத் தாண்டிப் பாருங்கள். ஆங்கிலத்து விண்டோ, வடக்கே ஸ்காண்டிநேவியர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அங்கே அது விண்டௌகா. விண்ட் என்றால் காற்று, ஔகா என்றால் கண். காற்றின் கண்! வடமொழியில் சாளரத்துக்குக் கவாட்சம் என்று ஒரு பெயர். பசுவின் கண் என்பது அதன் பொருள். பனிக்கடலோரத்தில் ஒருவன், காவிரி கடலோடு கலக்கும் பட்டினத்தில் ஒருவர், வடமொழியில் பேசிய இன்னொருவர். அந்தப் பனிக்கடலோரத்தவனை மற்ற இருவரும் பார்த்திருக்க வழியே இல்லை. மூவரும் சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்தார்கள், மூவருக்கும் கண் நினைவுக்கு வந்தது. இருவருக்குக் காற்றும் வந்தது.

இதை முதன்முதலாகப் படித்த அன்று என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவியைக் கையைப் பிடித்து அழைத்துவந்து ஜன்னலருகில் நிறுத்திச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ இது நம்மைப் பார்க்கிறதா, நாம் இதன் வழியாகப் பார்க்கிறோமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எந்த அகராதியிலும் இல்லை. நான் அந்தச் சொல்லை எனக்குள்ளேயே வைத்திருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது. பகிர்ந்துகொள்வது என்று இதைத்தான் சொல்கிறேன். நாம் ஒரு சொல்லைக் கொடுக்கிறோம், கேட்டவர் அதோடு இன்னொன்றைச் சேர்த்துத் திருப்பித் தருகிறார். உங்கள் பேத்தி செய்ததும் அதேதான்.

அவள் கேள்விக்கு வருகிறேன்.

பெரிய கோயில் விமானத்தின் உயரம் ஏறக்குறைய 216 அடி. அத்தனை உயரக் கற்கட்டடத்தின் நிழல் தரையில் விழாமல் எங்கே போகும்? ஒரு டிசம்பர் மாதப் பிற்பகல், மூன்று மணி இருக்கும், வடக்குத் திருச்சுற்றை ஒட்டி நான் நின்றிருந்தேன். கல்தளத்தின் மேல் விமானம் கரிய கூம்பாகச் சாய்ந்து கிடந்தது. அதன் விளிம்பு எனக்கு இரண்டு முழம் தள்ளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு ஏறியது. அந்த நிழலில் ஒரு குடும்பம் குழந்தையைத் தூங்கவைத்திருந்தது. அந்த நேரத்தில் ஒரு வழிகாட்டி, பின்னால் வந்த கூட்டத்தை அந்த நிழலிலேயே நிற்கவைத்து, நிழல் விழாத அதிசயத்தை விளக்கிக்கொண்டிருந்தார். கேட்டவர்களில் ஒருவரும் குனிந்து காலடியைப் பார்க்கவில்லை. எனக்கு அது மிகுந்த வருத்தத்தைத் தந்தது. நாம் எல்லோரும் அப்படி நின்றவர்கள்தான். உங்கள் பேத்தி மட்டும் கல் சுட்டதை மறக்கவில்லை.

அந்தக் கதைக்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம். தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பதினோரு பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. ஏப்ரல் 18ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் அங்கே நேர் உச்சிக்கு வரும். அந்த நேரத்தில் விமானத்துக்கு மட்டுமல்ல, வெளியே நிற்கும் ஆட்டோவுக்கும் மின்கம்பத்துக்கும் பக்கவாட்டில் நிழல் விழாது. இடைப்பட்ட மாதங்களிலும் சூரியன் உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. விமானத்தின் அடிப்பகுதி ஏறக்குறைய நூறு அடிச் சதுரம் என்பதால், கோடை நண்பகலில் நிழல் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். அப்படி ஒரு நண்பகலில் யாரேனும் பார்த்துச் சொன்னது, நேரமும் மாதமும் உதிர்ந்து, 'விழாது' என்று மட்டும் எஞ்சியிருக்கக்கூடும். கட்டியவர்களின் திறமைக்கு இந்தப் பொய் எதையும் கூட்டவில்லை. உண்மையான வேலையைப் பார்க்கவிடாமல் கண்ணை மறைக்கிறது, அவ்வளவுதான்.

உண்மை பெரும்பாலும் பொய்யைவிடச் சுவையாக இருக்கும் என்பது என் அனுபவம். அதே கோயில் சுவரிலிருந்து ஒன்று சொல்கிறேன். தபால் துறையில் இருந்த உங்களுக்கு இது நிச்சயம் பிடிக்கும்.

இராஜராஜன் அந்தக் கோயிலுக்குத் தளிச்சேரிப் பெண்டுகள் என்ற நடனப் பெண்கள் 400 பேரைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தினான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். இதைத் திருச்சுற்று மாளிகையின் புறச்சுவரில் கல்லில் வெட்டிவைத்தார்கள். வெறும் எண்ணிக்கை அல்ல. ஒவ்வொரு பெண்ணின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், இங்கே எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீட்டில் இருக்கிறாள் என்பது வரை இருக்கிறது. தெருவின் ஒரு பக்கத்து வீட்டு வரிசைக்குச் சிறகு என்று பெயர். தென்சிறகு, வடசிறகு. வரிசையின் முதல் வீடு தலைவீடு. தெருவை ஒரு பறவையாக நினைத்து, நடுவில் உடலும் இருபுறமும் இறக்கைகளுமாகப் பார்த்த மக்கள் நாம். ஆயிரம் ஆண்டுக்கு முன்பு எழுதிய நானூறு முகவரிகள் அந்தச் சுவரில் இருக்கின்றன. அந்தப் பெண்களில் யாருக்காவது ஒரு கடிதம் வந்தால் வீடு தேடி அலையாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். உங்கள் துறையில் இருந்தவர்களுக்கு அதன் அருமை என்னைவிட நன்றாகத் தெரியும்.

எழுதுவதற்கு முன் சரிபார்ப்பது பற்றியும் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். சொற்பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன் இருக்கிறது. பெரிய நூலகங்களில் கிடைக்கும். ஒரு சொல் வேறு மொழியிலிருந்து வந்திருந்தால் அதையும் குறித்திருப்பார்கள். ராஜினாமா என்ற சொல்லை அதில் தேடிப் பாருங்கள். பாரசீகத்தில் அது ஒப்புதல் பத்திரம். வழக்கில் இரு தரப்பும் ராஜியாகப் போய்விட்டார்கள் என்கிறோமே, அந்த ராஜிதான் இது. சம்மதம் தெரிவித்த கடிதம் எப்படியோ வேலையை விட்டு விலகும் கடிதமாகிவிட்டது. துட்டு என்பதைப் பாருங்கள். டச்சுக்காரர்களின் செப்புக்காசு டாய்ட். அவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள், காசு நம் பேச்சில் நின்றுவிட்டது.

சொல்லை உடைத்து விளக்கம் சொல்வதில்தான் அதிகம் கவனம் வேண்டும். நியூஸ் என்ற சொல் நான்கு திசைகளின் முதலெழுத்துகளால் ஆனது என்று பலரும் எழுதுகிறார்கள். அது தவறு. புதியது என்ற சொல்லின் பன்மை அது, அவ்வளவுதான். எழுத்துகள் பொருந்திவிட்டன என்பதாலேயே விளக்கம் சரியாகிவிடாது. தொல்காப்பியர் உரியியலில் இதற்கு ஒரே வரி வைத்திருக்கிறார்: 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா'. ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் பார்த்தவுடன் விளங்கிவிடாது என்கிறார். என் மேசைக்கு எதிரே இந்த வரியை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

சில சொற்களைப் பிரிப்பதற்கு அகராதிகூட வேண்டாம், நம் அஞ்சறைப்பெட்டி போதும். மிளகாய் என்பது மிளகும் காயும். அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த காய்க்குப் பெயர் வைக்க வேண்டி வந்தபோது, ஏற்கெனவே தெரிந்த காரத்தின் பெயரை எடுத்துக் கொடுத்தார்கள். அந்தப் பழைய காரத்துக்குச் சங்க காலத்தில் கறி என்ற பெயரும் இருந்தது. யவனர்களின் மரக்கலங்கள் முசிறிக்கு 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்கிறது அகநானூறு. பொன்னைக் கொட்டிவிட்டு மிளகை ஏற்றிக்கொண்டு போனார்கள். இதைப் பலகையில் எழுதினால் அன்று சமையலறையில் பேச்சு நடக்கும்.

பிழையை நீங்கள் அழித்தது மட்டும் எனக்குக் குறையாகப் படுகிறது. அழித்தால் படித்தவர்கள் மனத்தில் அது அப்படியே இருக்கும். உங்கள் எழுத்தை நான்கு ஆண்டுகளாக நம்பியவர்கள் அவர்கள். ஆகவே நாளைக்கு இப்படி எழுதிப் பாருங்கள்:

'திருத்தம்: பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழும். கண்டு சொன்னவர், ஏழாம் வகுப்பு மாணவி ஒருவர்.

இன்றைய சொல்: சிறகு – தெருவின் ஒரு பக்கத்து வீட்டு வரிசை.

இன்றைய தகவல்: தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் 400 பெண்களின் பெயரும் முகவரியும் இருக்கின்றன.'

உங்கள் குடியிருப்பில் தென்சிறகின் தலைவீடு யாருடையது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அடுத்த விடுமுறையில் தஞ்சாவூர் போகும்போது பேத்தியிடம் ஒரு சாக்பீஸைக் கொடுத்தனுப்ப முடியாது, கோயில் தளத்தில் எழுதக் கூடாது. ஒரு கூழாங்கல் போதும். நிழலின் நுனியில் வைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து வந்து பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அவள் அளந்து சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்