வெள்ளத்தில் போன சரக்கும் வரிக் கணக்கும்: வரி அண்ணாச்சி பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மழையைப் பற்றியவை. மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குத் தள்ளிப் போகின்றன, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணாச்சி, தூத்துக்குடி மாவட்டம் ஏரலில் துணிக்கடை வைத்திருக்கிறேன். 2023 டிசம்பரில் கடைக்குள் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. இனி அப்படி ஒரு வெள்ளம் வந்தால் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தேதியை அரசே தள்ளிவைத்துவிடும் என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். நம்பலாமா?

தள்ளிவைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். அந்த வருடம் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். நவம்பர் மாத 3பி ரிட்டர்னுக்கு (அந்த மாத வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ரிட்டர்ன்) கடைசி நாள் டிசம்பர் 20. மிக்ஜாம் புயலில் சிக்கிய சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களுக்கு அதே 20ஆம் தேதி அறிவிக்கை வந்தது, 27 வரை நேரம் கிடைத்தது. நம் பக்கம் 17, 18 தேதிகளில்தான் மழை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி, விருதுநகர் மாவட்டங்களுக்கான அறிவிக்கை எப்போது வந்தது தெரியுமா? ஜனவரி 5, வெள்ளிக்கிழமை. புதுக் கெடு ஜனவரி 10, புதன்கிழமை. நடுவில் சனி, ஞாயிறு வேறு!

என் அலுவலகமும் தரைத்தளம்தான். கீழ் அலமாரியில் இருந்த ஃபைல்கள் கூழாகிவிட்டன. தப்பித்த பில்களைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன். துணி காயப்போட இடமில்லை என்று வீட்டுக்காரியிடம் ஏச்சு வாங்கியது தனிக்கதை. தேதி நீளுமா என்று காத்திருக்க மனம் வரவில்லை. கோவில்பட்டியில் மச்சான் வீட்டுக்குப் போய் அங்கிருந்தே 11 பேருக்கு ரிட்டர்ன் போட்டேன். அறிவிக்கை வராமலே போயிருந்தால் நாளொன்றுக்கு 50 ரூபாய் லேட் ஃபீஸ், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

இன்னொன்றையும் கவனியுங்கள். சலுகை, உங்கள் பதிவில் முதன்மை வணிக இடமாகக் காட்டியிருக்கும் மாவட்டத்துக்குத்தான். குடோன் ஏரலில், பதிவு மதுரையில் என்றால் எதுவும் கிடையாது.

அதே வெள்ளத்தில் 10 லட்சம் ரூபாய்ச் சரக்கு நனைந்தது. எல்லாவற்றையும் குப்பையில் கொட்டிவிட்டு நஷ்டம் என்று எழுதினேன். வாங்கும்போது கட்டிய வரியைத் திருப்பிக் கட்டச் சொல்கிறார் ஆடிட்டர். வெள்ளத்தில் போனதற்குமா?

அதற்கும்தான். எரிச்சலாக இருக்கும், ஆனால் உங்கள் ஆடிட்டர் சொல்வது சரி. ஜிஎஸ்டி சட்டம் 17(5)ஆம் பிரிவில் தொலைந்தது, திருடு போனது, அழிந்தது, கணக்கிலிருந்து தள்ளியது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தச் சரக்குக்கு எடுத்த இன்புட் கிரெடிட்டை, அதாவது வாங்கும்போது கட்டிய வரிக்காகக் கழித்துக்கொண்டதை, திருப்பியாக வேண்டும். இயற்கைச் சீற்றத்துக்கு விலக்கு எதுவும் அதில் இல்லை. என்னைக் கேட்டால் நியாயமில்லாத விதி. சரக்கும் போய், அதன் வரியும் கையை விட்டுப் போகிறது.

ஆனால் எல்லாவற்றையும் கொட்டியதுதான் நீங்கள் செய்த தவறு. சேறு பட்ட சேலையைச் சலவை செய்து பாதி விலைக்கு, கால் விலைக்கு விற்றிருந்தால் அது விற்பனை. அழிந்த கணக்கில் சேராது. 10 லட்சத்தில் 6 லட்சம் சரக்கு உருத்தெரியாமல் போனது, 4 லட்சம் சரக்கை 90,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீத வரியில், அழிந்த 6 லட்சத்துக்கு 30,000 ரூபாயைத் திருப்ப வேண்டும். விற்ற சரக்குக்கு 4,500 ரூபாய் வரி. அதற்கு முன்பே எடுத்திருந்த 20,000 ரூபாய் கிரெடிட் உங்களிடமே இருக்கும். நீங்கள் கொட்டியதால் 50,000 ரூபாயும் போச்சு.

அழிந்த சரக்கின் மதிப்பை வருமான வரிக் கணக்கில் வியாபார நஷ்டமாகக் கழிக்கலாம். திருப்பிக் கட்டிய வரியையும் அதன் அடக்க விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கோரும்போதும் அந்த வரியைச் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள், பலர் மறந்துவிடுகிறார்கள். சரக்குக்கு வரும் இன்சூரன்ஸ் பணம் வியாபார வருமானம், அதை மறைக்க வேண்டாம்.

அடுத்த முறை, தண்ணீர் வடிந்ததும் துடைப்பத்தை எடுப்பதற்கு முன் செல்போனை எடுங்கள். ரேக் ரேக்காகப் படம், சுவரில் தண்ணீர் நின்ற கோடு, விஏஓவிடம் ஒரு சான்று, இன்சூரன்ஸ் சர்வேயர் வரும்வரை நனைந்த மூட்டைகள் அங்கேயே.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. அரசு கொடுத்த 6,000 ரூபாய் வெள்ள நிவாரணத்தை வருமானத்தில் காட்டணுமா? ஃப்ரிட்ஜ், ஸ்கூட்டர், கட்டில் எல்லாம் போனதே, அதைக் கழிக்க முடியுமா?

நிவாரணத்துக்கு வரி கிடையாது டீச்சர். பேரிடருக்காக மத்திய, மாநில அரசோ உள்ளாட்சியோ தனிநபருக்கு அல்லது அவருடைய வாரிசுக்குத் தரும் இழப்பீட்டுக்கு விலக்கு உண்டு. வியாபாரியாக இருந்து அதே இழப்பை ஏற்கெனவே கணக்கில் கழித்திருந்தால், அந்த அளவுக்கு மட்டும் விலக்கு கிடைக்காது. உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

ஃப்ரிட்ஜுக்கும் ஸ்கூட்டருக்கும் கழிவு கிடையாது. சொந்த வீட்டுப் பொருள் இழப்பை நம் வருமான வரிச் சட்டம் கண்டுகொள்வதில்லை.

திருநெல்வேலியில் சின்ன அச்சகம் நடத்துகிறேன். வெள்ளத்தில் பேப்பர் ஸ்டாக்கும் கணக்குப் புத்தகங்களும் போயின. கணக்கைத் திரட்டி, 2024 ஜூலை 31இல் போட வேண்டிய வருமான வரி ரிட்டர்னை நவம்பரில்தான் போட்டேன். 4 லட்சம் நஷ்டத்தை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோக முடியாது என்கிறார்கள். அவ்வளவுதானா?

இல்லை தம்பி. தாமத ரிட்டர்னில் வியாபார நஷ்டத்தைக் கொண்டுபோக முடியாது என்பது விதி. இயந்திரத் தேய்மானத்தில் கழிக்க முடியாமல் மிஞ்சியது மட்டும் அப்போதும் தப்பிக்கும். ஆனால் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 119(2)(b) பிரிவில், தாமதத்தை மன்னிக்கும்படி விண்ணப்பிக்கலாம். 2024 அக்டோபர் 1 சுற்றறிக்கைப்படி, நஷ்டத் தொகை 1 கோடி ரூபாய்க்குள் என்றால் வருமான வரி ஆணையர் மட்டத்திலேயே முடிவு செய்வார்கள். மதிப்பீட்டு ஆண்டு (கணக்கு எந்த நிதியாண்டுக்கோ அதற்கு அடுத்த ஆண்டு) முடிந்து 5 ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும். உங்கள் விஷயத்தில் 2030 மார்ச் 31 வரை.

அவர்கள் பார்ப்பது உண்மையாகவே கஷ்டம் இருந்ததா என்பதைத்தான். 'வெள்ளம் வந்தது' என்று ஒரு வரி எழுதினால் ஜூலை வரை என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். எந்தத் தேதியில் வங்கியிடம் ஸ்டேட்மென்ட் கேட்டீர்கள், பேப்பர் விற்றவரிடம் எப்போது பில் நகல் வாங்கினீர்கள் என்று வரிசையாக எழுதி, ஆதாரத்தை இணையுங்கள்.

நனைந்து காய்ந்த பழைய பில்களை எப்போது எரிக்கலாம்? (மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்)

ஜிஎஸ்டிக்கு, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். வழக்கோ அப்பீலோ ஓடினால் அது முடிந்து ஒரு வருடம் வரையாவது வையுங்கள். எழுத்து மங்கும் முன் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். தெர்மல் பேப்பர் பில்லை வெயிலில் மட்டும் காயப்போடாதீர்கள், வெள்ளைத் தாள்தான் மிஞ்சும்.