ஆறாவது வாரம் ஆசியர்கள்

வணக்கம்.

என் மகள் அமெரிக்காவில் கவுன்சலிங் முதுகலை படிக்கிறாள். வெள்ளையரல்லாதவர்களுக்குச் சிகிச்சை தருவது பற்றி ஒரு பருவம் முழுக்கப் பாடம் உண்டு. வாரத்துக்கு ஒரு சமூகம். ஆறாவது வாரம் ஆசியர்கள். ஆசியர்கள் உணர்ச்சியை வெளியே காட்டமாட்டார்கள், குரலை உயர்த்தமாட்டார்கள் என்று இருந்ததாம். “அப்பா, நம்ம வீட்டைப் பத்தி இவங்களுக்கு யாரும் சொல்லலை போல” என்று போனில் சிரித்தாள். நம் ஆட்களுக்கு நம் ஆட்களே ஆலோசகராக இருந்துவிட்டால் போதாதா? இந்தப் பாடமெல்லாம் எதற்கு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

என் பெரியமாமா பேசினால் நாலு வீடு தாண்டிக் கேட்கும். அவரும் ஆசியர்தான்.

ஆனால் அந்தப் பாடம் சும்மா வந்துவிடவில்லை. 1968-இல் சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்க உளவியல் கழகத்தின் மாநாடு நடந்தபோது, கறுப்பின உளவியலாளர்கள் தனியே கூடித் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1992-இல் டெரால்ட் விங் சூ என்ற உளவியலாளரும் இன்னும் இருவரும் ஆலோசகருக்கு வேண்டியவற்றை வகுத்து எழுதினார்கள். தன்னைப் பற்றிய விழிப்பு, வந்திருப்பவரின் உலகத்தைப் பற்றிய அறிவு, செய்முறைத் திறன். வகுப்பறைக்குள் நுழைந்ததும் நடுவில் இருப்பது மட்டும் பெருத்துவிட்டது. தேர்வு வைக்கத் தோதானது அதுதானே.

அந்த அறிவு என்ன செய்யும் என்பதற்கு, மெலனி டெர்வலான், ஜேன் மரே-கார்சியா என்ற இரு மருத்துவர்கள் 1998-இல் எழுதிய கட்டுரையில் ஒரு காட்சி வருகிறது. அறுவைச் சிகிச்சை முடிந்து சில மணி நேரமே ஆன லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பெண்மணி படுக்கையில் முனகிக்கொண்டிருக்கிறார். பார்த்துக்கொள்ளும் செவிலியர் கறுப்பினத்தவர். அங்கே வந்த லத்தீனோ மருத்துவர், இவருக்கு வலி அதிகம் போலிருக்கிறதே என்கிறார். செவிலியர் அதைத் தள்ளிவிடுகிறார்: பண்பாடு பற்றிய வகுப்பில் படித்திருக்கிறேன், இவர்கள் வலியை மிகைப்படுத்திக் காட்டுவார்கள். லத்தீனோவான மருத்துவரே சொல்லியும் எடுபடவில்லை. வகுப்புக்குப் போகாமலிருந்தால் அந்தச் செவிலியர் ஒருவேளை முனகலைக் கேட்டிருப்பார்.

‘நம் ஆட்களே’ என்பதற்கு வருகிறேன். முதலில், அத்தனை பேர் இல்லை. 2015 கணக்குப்படி அமெரிக்க உளவியலாளர்களில் 86 சதவீதம் வெள்ளையர். கறுப்பினத்தவர் 4, ஆசியர் 5. இரண்டாவது, அங்கிருக்கும் ஒரு தோழி தேடிப்பிடித்து ஒரு தமிழ் ஆலோசகரிடம் போனாள். “எந்த ஊரு?” சொன்னாள். “ஊர்ல எந்தப் பக்கம்?” சொன்னாள். “அப்பா பேரு?” என்ன கேட்கப்படுகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுமுறை போகவில்லை. அந்த அறையில் வெள்ளைக்காரர் யாரும் இல்லை.

பாடமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வந்திருப்பவரின் பழக்கவழக்கத்தைவிட, தன் தொழில் அவருடைய ஆட்களை என்ன செய்தது என்பதை ஆலோசகர் படிக்கவேண்டும். 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவது ஒருவகை மனநோய் என்று எழுதி அதற்குப் பெயரும் வைத்தார். பழங்கதை என்று விட்டாலும், 1974-இல் ஒரு மனநல மருத்துவ இதழில் ஹால்டால் என்ற மனநோய் மருந்துக்கு வந்த விளம்பரத்தை என்ன சொல்வது? நகரத் தெருவில் முஷ்டியை மடக்கிய கறுப்பு ஆண். தாக்க வருகிறாரா, முரண்டு பிடிக்கிறாரா, இந்த மருந்தில் ஒத்துழைப்பு தொடங்கும் என்ற பொருளில் வாசகம்.

இதைப் பார்த்திருக்கும் ஆலோசகர், மூன்று அமர்வாக வாய் திறக்காத கறுப்பின இளைஞரைப் பற்றிக் குறிப்பேட்டில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதும்போது கை கொஞ்சம் நிற்கும். வில்லியம் கிரியர், பிரைஸ் காப்ஸ் என்ற இரு கறுப்பின மனநல மருத்துவர்கள் 1968-லேயே சொல்லிவிட்டார்கள்: அந்த நாட்டில் கறுப்பராக உயிர்வாழ ஓரளவு சந்தேகம் தேவை, அதை நோயோடு சேர்க்காதீர்கள் என்று.

இப்போது ‘பண்பாட்டுப் பணிவு’ என்கிறார்கள்: வந்திருப்பவரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைக்காமல் அவரிடமே கேட்டுக் கற்பது. அந்தச் செவிலியர் காட்சியை எழுதிய டெர்வலானும் மரே-கார்சியாவும் வைத்த பெயர்தான். பெயர் நல்லது, ஆனால் அதிலும் ஒரு சோம்பல் புகுந்துவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியாது, நீங்களே சொல்லுங்கள் என்று சாய்ந்து உட்கார்ந்துவிடுவது. பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வித்தியாசத்தைக் காசு கொடுத்துப் பாடம் நடத்திவிட்டு வர யாருக்குப் பிடிக்கும்?

அமெரிக்க மனநல மருத்துவக் கழகத்தின் 2013 கையேட்டில் பண்பாடு பற்றிய 16 கேள்விகள் இருக்கின்றன. இந்தப் பிரச்சினையை உங்கள் வீட்டாரிடம் எப்படிச் சொல்வீர்கள் என்பது ஒன்று. எனக்குப் பிடித்தது கடைசிக் கேள்வி: வெவ்வேறு பின்னணியில் இருந்து வருவதால் மருத்துவரும் நோயாளியும் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொள்வதுண்டு, அந்தக் கவலை உங்களுக்கு இருக்கிறதா? உங்கள் மகள் பயிற்சிக்காலத்தில் இதைக் கண்ணைப் பார்த்துக் கேட்டுப் பழகட்டும். ஆமாம் என்று பதில் வந்தால் அடுத்து என்ன பேசுவாள் என்று போனில் கேட்டுச் சொல்லுங்கள்.