அப்பாவுக்கு எந்தப் புத்தகம் கொடுப்பது?

கேள்வி: பெங்களூரு கே.ஆர்.புரத்தில் இருக்கிறேன். வயது 38. பேச்சுச் சுதந்திரம், எல்லா மதத்தாருக்கும் ஒரே மரியாதை என்று நம்பி வாழ்பவள். அப்பா இங்கே ஒரு தொழிற்சாலையில் 1974-இல் சேர்ந்து 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1975-77-இல் இந்திரா காந்தி கொண்டுவந்த அவசரநிலையைச் சொல்லி, "எமர்ஜென்சி மறுபடி வந்தால்தான் நாடு உருப்படும். அப்போதுதான் ரயில் நேரத்துக்கு ஓடியது" என்பார். தினமும் ராத்திரிச் சாப்பாட்டில் இதே சண்டை. போன மாதம் எங்கள் மாடி வீட்டை வாடகைக்குப் பார்க்க ஒரு முஸ்லிம் குடும்பம் வந்தது. "அவர்களுக்கு வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார். கோபத்தில் என் மகன் எதிரிலேயே, "வாட்ஸ்அப்பைத் தவிர உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். மூன்று வாரமாகத் தட்டைத் தன் அறைக்கு எடுத்துப் போய்த் தனியாகச் சாப்பிடுகிறார். என் கொள்கையை விட்டுக்கொடுக்க முடியாது. அப்பா மனம் மாற எந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாம்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

புத்தகத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தத் தட்டு. இன்று ராத்திரியே அப்பாவிடம் போய், "நான் அப்படிக் கேட்டது தப்பு" என்று சொல்லுங்கள். பேரன் எதிரில் கேட்ட வார்த்தை, அதனால் பேரன் எதிரிலேயே சொல்லுங்கள். "ஆனால் நீங்களும்..." என்று ஒரு வால் சேர்க்காதீர்கள். எமர்ஜென்சி நல்லது என்று இதனால் நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது. யாருக்கும் தன் கருத்தைச் சொல்ல உரிமை உண்டு என்று நம்புகிறவர் நீங்கள். அந்த உரிமை உங்கள் சாப்பாட்டு மேஜையில் அப்பாவுக்கும் உண்டு.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். நானும் இதைச் செய்து பார்த்தவள். அண்ணனும் நானும் அரசியலில் எதிரும் புதிரும். சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகக் கடையில் எமர்ஜென்சி பற்றிய ஒரு புத்தகத்தை வாங்கி, அவர் அவசியம் படிக்க வேண்டிய இடங்களிலெல்லாம் சிவப்பு மையால் கோடு போட்டுக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துத் திருப்பித் தந்தார். நான் கோடு போட்ட பக்கங்களைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. புரட்டிக்கொண்டே போனபோது, நான் கோடே போடாத ஒரு பக்கத்தில் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. கருத்தடை ஆபரேஷனுக்கு ஆள் பிடித்து வராத ஆசிரியர்களின் சம்பளத்தை நிறுத்தி வைத்ததைச் சொல்லும் இடம். ஓரத்தில் "சித்தப்பா" என்று ஒரே ஒரு சொல்.

எங்கள் சித்தப்பா அப்போது டெல்லியில் வாத்தியார். வீட்டில் யாரும் என்னிடம் சொல்லாத கதை அது. அண்ணனைக் கேட்டேன். ராத்திரி இரண்டு மணி வரை சொன்னார். 1976-77 என்ற ஒரே வருடத்தில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் அதிகமான கருத்தடைகள் நடந்தன என்று எனக்கு அதற்கு முன்பே தெரியும். அந்தக் கணக்கில் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் இருந்தார் என்பது அன்றுதான் தெரிந்தது. அத்தனை வருடம் அவருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேனே தவிர, ஒரு தடவைகூட எதையும் கேட்டதில்லை.

உங்கள் அப்பாவையும் கேளுங்கள். 1975-இல் எந்த ரயிலில் வேலைக்குப் போனார், தொழிற்சாலையில் யாரெல்லாம் பயந்தார்கள், யூனியன்காரர்கள் என்ன ஆனார்கள் என்று கேளுங்கள். ரயில் நேரத்துக்கு வந்தது என்று அவர் சொன்னால் மறுக்காதீர்கள். அவர் கண்ணால் பார்த்தது அது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்ததால், அவர் பார்க்காத மற்றதெல்லாம் அவர் வீட்டு வாசல் வரை வரவே இல்லை.

கொள்கையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. அப்பாவை மறுத்தும் மரியாதை கெடாமல் எழுத முடியும் என்பதற்கு நம் உச்ச நீதிமன்றத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. எமர்ஜென்சி நேரத்தில் சிறையில் அடைக்கப்பட்டவர், தன்னை விடுவிக்கச் சொல்லி நீதிமன்றத்துக்கே வர முடியாது என்று 1976 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் தீர்ப்புச் சொன்னார்கள். மறுத்து எழுதியவர் எச்.ஆர்.கன்னா மட்டும், முறைப்படி வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி அடுத்த வருடம் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த நால்வரில் ஒருவர் ஒய்.வி.சந்திரசூட். 41 வருடம் கழித்து, 2017 ஆகஸ்ட் 24-இல், அந்தரங்க உரிமை வழக்கில் அந்தத் தீர்ப்பு தவறு என்று எழுதி அதை ரத்து செய்தவர் அவருடைய மகன் டி.ஒய்.சந்திரசூட். தீர்ப்புக்கு வரிக்கு வரி பதில் உண்டு, தந்தையைப் பற்றி இகழ்ச்சியாக ஒரு சொல் கிடையாது. இன்னொன்று, அந்த வழக்கைப் போட்டவர் நம் பெங்களூருக்காரர், ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி. 2012-இல் வழக்குப் போடும்போது அவருக்கு வயது 86. வயதானவர்களுக்கு இதெல்லாம் ஏறாது என்று நீங்கள் நினைத்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

ஆனால் மாடி வீட்டு விஷயத்தில் இறங்கி வராதீர்கள். எமர்ஜென்சியைப் பற்றி அப்பா என்ன நினைத்தாலும் இன்று யாருக்கும் சோறு குறையாது. வாசல் வரை வந்த குடும்பத்தைப் பெயரைக் கேட்டுத் திருப்பி அனுப்பியது அப்படிப்பட்டதல்ல.

1991 டிசம்பரில் உங்கள் அப்பா இந்த ஊரில்தான் இருந்திருப்பார். தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் விட வேண்டும் என்ற காவிரி இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்ததும் தமிழர்கள் தாக்கப்பட்டு, ஊரே பற்றி எரிந்த நாட்கள். நாங்கள் அல்சூரில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்கார அம்மா கன்னடக்காரர். எங்கள் வாசலில் இருந்த தமிழ்ப் பெயர்ப்பலகையைத் தன் கையாலேயே கழற்றி, அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினார். "ஒளகெ பன்னி" என்று உள்ளே கூப்பிட்டு, சமையலறைக்குப் பின்னால் இருந்த அறையில் நான்கு நாள் எங்களை வைத்திருந்தார். பலகை திரும்பி வந்தபோது வெட்டிய எழுத்துகளின் குழிகளில் அரிசித் தவிடு படிந்திருந்தது. இன்றும் அதை நான் முழுதாகத் துடைக்கவில்லை.

அந்த நான்கு நாள் எங்கே படுத்தீர்கள், யார் கதவைத் திறந்தார்கள் என்று அப்பாவைக் கேளுங்கள். குத்திக்காட்டுவதற்காகக் கேட்காதீர்கள். அவர் சொல்லி முடித்ததும் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். மாடி வீட்டை மறுநாள் பேசலாம். அதற்குப் பிறகும் முடியாது என்றால், ஆளைப் பார்த்து மறுக்கும் வீட்டுக்கு வாடகை பேசவோ கையெழுத்துப் போடவோ நான் வரமாட்டேன் என்று அமைதியாகச் சொல்லுங்கள். போன மாதம் வந்த குடும்பத்தின் நம்பர் இருந்தால் நீங்களே கூப்பிட்டு வருத்தம் தெரிவியுங்கள்.

இன்னும் ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெட்ரோவில் மெஜஸ்டிக் போய் இறங்கி, அப்பாவையும் மகனையும் ஃப்ரீடம் பார்க்குக்கு அழைத்துப் போங்கள். நகரத்தில் போராட்டம் என்றாலே இப்போது அங்கேதான். முன்பு அது மத்திய சிறை. நடுவில் இருந்த காவல் கோபுரத்தையும் சில அறைகளையும் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். 1975 ஜூனில் பெங்களூரு வந்திருந்த வாஜ்பாயையும் அத்வானியையும் கைது செய்து அங்கேதான் அடைத்தார்கள். அடுத்த வருடம் நடிகை ஸ்நேகலதா ரெட்டியை அடைத்தார்கள். ஆஸ்துமாக்காரர். 1977 ஜனவரியில் பரோலில் வெளியே வந்த சில நாட்களிலேயே இறந்துபோனார். வாஜ்பாயின் கட்சிக்கு நான் ஒரு நாளும் ஓட்டுப் போட்டதில்லை. அந்த அறைகளுக்கு முன்னால் நின்றபோது ஸ்நேகலதாவுக்காகக் கனத்த நெஞ்சு அவருக்காகவும் கனத்தது.

அங்கே போனதும் நீங்கள் விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். பேரன் கேட்பான், தாத்தா சொல்லட்டும். ரயில் நேரத்துக்கு ஓடியதையும் சொல்வார். சொல்லட்டும்.