வாசகர் கேள்வி – பதில்: யிர்காசெஃபே காபியும் கெடியோ மக்களின் தோட்டமும்

கேள்வி: வெளிநாட்டில் பணிபுரியும் என் மகன் ‘யிர்காசெஃபே’ என்று அச்சிட்ட எத்தியோப்பியக் காபித்தூள் வாங்கி வந்தான். வழக்கம்போல டிகாக்‌ஷன் இறக்கிப் பால் சேர்த்தேன். புளிக்கிறது, எலுமிச்சைத் தேநீரின் மணம் அடிக்கிறது. தூள் கெட்டுப் போய்விட்டதா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: கெடவில்லை, அம்மா. தாங்கள் குறையாக எண்ணிய புளிப்பையும் மணத்தையும் நாடித்தான் உலகெங்கும் அந்தக் காபியை அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள். நாம் கருக வறுத்த கொட்டையில் சிக்கரி சேர்த்து, கசப்பும் கெட்டித்தன்மையும் உள்ள டிகாக்‌ஷனுக்குப் பழகியவர்கள். யிர்காசெஃபே கொட்டையையோ பழத்தின் இயல்பான அமிலங்களும் பூமணமும் அழிந்துவிடாதபடி இளம் வறுவலாகவே எடுக்கிறார்கள்.

யிர்காசெஃபே என்பது தெற்கு எத்தியோப்பியாவில், கெடியோ மக்கள் வாழும் மலைப்பகுதியிலுள்ள ஓர் ஊரின் பெயர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 முதல் 2,200 மீட்டர் உயரத்தில், குளிர்ந்த இரவுகளில் பழம் மெதுவாகப் பழுப்பதால் கொட்டை இறுகி, சுவை செறிகிறது. பறித்த பழங்களின் சதையை நீக்கி, கொட்டையில் ஒட்டியிருக்கும் பசை இளகும்வரை தொட்டியில் நொதிக்க விட்டு, ஓடும் நீரில் அலசி, இடுப்பளவு உயரமுள்ள வலைப் பரண்களில் பரப்பி உலர்த்துகிறார்கள். பரணைச் சூழ்ந்து நின்று பழுதான கொட்டைகளைக் கையால் பொறுக்கி எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். இவ்வாறு அலசும் முறை அங்கே பரவியது 1970களில்தான்; அதற்கு முன்பு பழத்தை முழுதாகவே உலர்த்தி வந்தார்கள். பொட்டலத்தில் ‘வாஷ்ட்’ என்றிருந்தால் அலசியது, மல்லிகையையும் எலுமிச்சையையும் நினைவூட்டுவது. ‘நேச்சுரல்’ என்றிருந்தால் பழத்தோடு உலர்த்தியது, இனிப்பும் பழவாசனையும் தூக்கலாக இருக்கும்.

கேள்வி: எங்கள் சேர்வராயன் மலையைப் போல அங்கேயும் எஸ்டேட்டுகள் உண்டா? ‘ஏர்லூம்’ என்று எழுதியிருப்பது ஒரு ரகத்தின் பெயரா? (வாசகர், ஏற்காடு)

பதில்: கெடியோ பகுதியில் காபி என்பது வீட்டைச் சுற்றியுள்ள தோட்டத்துப் பயிர். ஒரு குடும்பத்தின் நிலம் பெரும்பாலும் ஒரு ஹெக்டேருக்கும் குறைவு. அந்தச் சிறு நிலத்தில் உயர்ந்த நிழல் மரங்கள், அவற்றின் கீழே என்செட், அதற்கும் கீழே காபிச் செடிகள் என்று அடுக்கடுக்காகப் பயிர் நிற்கும். என்செட் பார்ப்பதற்கு அப்படியே வாழை. ஆனால் அதன் பழத்தை யாரும் உண்பதில்லை. பல ஆண்டுகள் வளர்ந்த பிறகு தண்டையும் கிழங்கையும் சுரண்டி, குழியில் புதைத்து நொதிக்க வைத்து, ‘கோச்சோ’ என்னும் ரொட்டியாகச் சுடுகிறார்கள். எத்தியோப்பியாவில் சுமார் 2 கோடி மக்களுக்கு உணவளிக்கும் பயிர் இது. காபி விலை சரிந்த ஆண்டுகளிலும் அந்தக் குடும்பங்கள் செடியை வெட்டி எறியாமல் காத்து வந்ததில், அடுப்பங்கரைக்கு அருகில் நின்ற இந்த என்செட்டுக்குப் பெரும்பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன். நெருக்கமான மக்கள்தொகை, செங்குத்தான சரிவு, இத்தனைக்கும் நடுவே மலையை மரங்களோடு காத்து வரும் இந்த வேளாண்மையையும், இடையிடையே உள்ள புனிதக் காடுகளையும், முகடுகளில் நிற்கும் தொன்மையான நடுகற்களையும் சேர்த்தே 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெறச் செய்தது.

‘ஏர்லூம்’ என்பது ரகத்தின் பெயர் அன்று; ‘பரம்பரை விதை’ என்று பொதுப்படச் சொல்வதற்காக வணிகர்கள் ஒட்டிய சீட்டு. அந்தச் சொல்லை நான் விரும்புவதில்லை. காரணம், உழவர்களிடம் உண்மையான பெயர்கள் இருக்கின்றன. குருமே, டேகா, வொலிஷோ என்று அவர்கள் செடிகளைப் பிரித்து அறிகிறார்கள். இவை தவிர 74110, 74112 என எண்களால் வழங்கும் தேர்வுகளும் உண்டு. 1971இல் காபிக் காய்நோய் எத்தியோப்பியாவில் தென்பட்டபோது, ஜிம்மா ஆராய்ச்சி நிலையத்தார் நோய் தாக்காமல் நின்ற தாய்ச்செடிகளைத் தேடித் தேர்ந்தெடுத்தார்கள்; எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் 1974ஆம் ஆண்டைக் குறிப்பவை. அப்படித் தேடினால் கிடைக்கும் அளவுக்கு அங்கே செடிகளில் வேற்றுமை இருந்தது. எத்தியோப்பியாவுக்கு வெளியே பரவிய அராபிகா காபி இனமோ பெரும்பாலும் யேமன் வழியே சென்ற சொற்ப விதைகளின் வழித்தோன்றல். 1869இல் இலங்கையில் இலைத்துரு நோய் தோன்றியபோது தோட்டங்களில் நின்ற செடிகளிடம் அதை எதிர்க்கும் வலிமை இல்லை. தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் உருவான அந்தக் காபித் தோட்டங்கள் சில பத்தாண்டுகளில் அழிந்து, அங்கே தேயிலை ஏறியது.

கேள்வி: இந்த விலையில் விளைவித்தவருக்கு ஏதேனும் சேருகிறதா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: கடையில் நாம் கொடுப்பதில் சிறு பங்குதான் சேருகிறது. 2005இல் எத்தியோப்பிய அரசு யிர்காசெஃபே, சிடாமோ, ஹரார் ஆகிய பெயர்களை அமெரிக்காவில் வணிகக் குறிகளாகப் பதிய விண்ணப்பித்தபோது, அங்குள்ள காபி வணிகர் சங்கம் எதிர்த்தது. ஸ்டார்பக்ஸ் நிறுவனத்தோடும் பிணக்கு நீண்டு, 2007இல்தான் உடன்பாடு ஏற்பட்டது. ஊரின் பெயர் ஊராருக்கே உரியது என்பதை நிலைநாட்டவே இத்தனை போராட்டம். 2008இல் தொடங்கிய எத்தியோப்பியப் பண்டச் சந்தை விலை விவரங்களை உழவருக்குத் தெரியப்படுத்தியது. ஆனால் காபியைப் பகுதிவாரியாகவும் தரவாரியாகவும் ஒன்றாகக் கலந்து விற்றதால், எந்தத் தோட்டத்தார் விளைவித்தது என்ற தடம் மறைந்தது. 2017க்குப் பிந்தைய சீர்திருத்தங்களால் அந்தத் தடத்தைக் காக்க வழி பிறந்திருக்கிறது. ஆகவே வாங்கும்போது கூட்டுறவுச் சங்கத்தின் பெயரோ பழம் அலசிய நிலையத்தின் பெயரோ பொட்டலத்தில் உள்ளதா என்று பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் அதை எப்படித்தான் குடிப்பது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: பால் வேண்டாம், சிக்கரியும் வேண்டாம். காகித வடிகட்டியில் 15 கிராம் தூளை இட்டு, கொதித்து ஒரு நிமிடம் ஆறிய 240 மில்லி நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். கெடியோ வீடுகளில் பச்சைக் கொட்டையை அப்போதே வறுத்து, உரலில் இடித்து, ‘ஜெபெனா’ என்னும் மண்கூசாவில் காய்ச்சுகிறார்கள். அபோல், டோனா, பரக்கா என்று மூன்று சுற்று பரிமாறிய பிறகே விருந்தினரை எழவிடுவார்கள். தாங்களும் முதல் வாய் சூடாகவும் கடைசி வாய் நன்கு ஆறிய பின்னும் பருகிப் பாருங்கள்; ஆற ஆறத்தான் அந்தப் பூமணம் எழும்.