தாமஸ் டார்சியை ஏன் 'கோஸ்பல் இசையின் தந்தை' என்கிறார்கள்?

கோஸ்பல் என்பது அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களில் வளர்ந்த கிறிஸ்தவப் பாட்டு. 1899-இல் ஜார்ஜியாவில் பிறந்த டார்சி, முதலில் மா ரெய்னி என்ற பாடகிக்குப் பியானோ வாசித்த ப்ளூஸ் (கறுப்பின மக்களின் சோகம் தோய்ந்த பாட்டு வகை) கலைஞர். அந்த ப்ளூஸின் தாளத்தையும் ஏக்கத்தையும் ஜெபப் பாட்டுக்குள் கொண்டுவந்தார், ஒப்பாரியின் உருக்கத்தைச் சாமி பாட்டில் வைத்தது போல. சிகாகோவின் பல தேவாலயங்கள் முதலில் இதை ஏற்கவில்லை. ஆனால் அமெரிக்காவின் தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்களுக்கு இதுதான் சொந்த ஊர்க் குரல்.

1932-இல் பிரசவத்தில் மனைவி இறந்தார், குழந்தையும் தங்கவில்லை. அந்தத் துக்கத்தில் பிறந்ததுதான் 'டேக் மை ஹேண்ட், பிரெஷஸ் லார்ட்'. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்கில் கோஸ்பல் பாடகி மஹாலியா ஜாக்சன் பாடியது இதைத்தான். டார்சியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பாட்டே போதும் என்பேன்.

அப்புறம், ஜாஸ் இசைக்குழு நடத்திய டாமி டார்சியும் இவரும் ஒருவரல்ல. டாமி, டிராம்போன் என்ற ஊதுகருவி வாசித்த வெள்ளையர்.