கேள்வி பதில்: பெரிய டேங்க் வைத்தால் வேக்குவம் பம்ப் சீராகுமா?

கேள்வி: புதுச்சேரி சேதராப்பட்டில் பிளாஸ்டிக் தட்டு செய்யும் சிறு தொழிற்கூடம் நடத்துகிறேன். 500 லிட்டர் டேங்கிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஆயில் வேக்குவம் பம்ப் ஓடுகிறது. வேக்குவம் (டேங்கின் காற்றழுத்தம் வெளிக்காற்றைவிட எவ்வளவு குறைவு என்பது) மெர்க்குரி 650 மில்லிமீட்டரை எட்டியதும் பம்ப் நின்று, 550க்கு இறங்கியதும் மறுபடி ஓடும்படி சுவிட்ச் வைத்திருக்கிறோம். அண்மையில் பம்ப் ஓயாமல் ஓடி ஓடி நிற்பதால் மோட்டார் சுடுகிறது. கம்ப்ரசரிலிருந்து கழற்றிய 1,000 லிட்டர் டேங்க் கைவசம் இருக்கிறது; அதை மாட்டலாமா?

பதில்: அண்மையில்தான் இது தொடங்கியது என்று நீங்களே எழுதியிருப்பதால், டேங்கின் அளவை விடக் கசிவின் மீதே எனக்குச் சந்தேகம். வேலை முடிந்த மாலையில் இயந்திரங்களை நிறுத்திவிட்டு, பம்ப் 650இல் நின்றதும் மின்சாரத்தைத் துண்டித்து, முள் 550க்கு இறங்க எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்று பாருங்கள். குழாய்களைச் சேர்க்காமல் கணக்கிட்டால், அந்த இறக்கத்துக்குள் 500 லிட்டர் டேங்கில் நுழையும் வெளிக்காற்று சுமார் 66 லிட்டர்தான். பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டால், நிமிடத்துக்கு 6.6 லிட்டர் காற்று வீணாக உள்ளே போகிறது. இயந்திரங்களுக்குப் போகும் வால்வை மூடிவிட்டு இதையே மறுபடி செய்தால், கோளாறு குழாய்ப் பக்கமா, டேங்க் மற்றும் நான்-ரிட்டர்ன் வால்வு (பம்ப் நின்றதும் காற்று டேங்குக்குள் திரும்பாமல் தடுப்பது) பக்கமா என்பது தெரிந்துவிடும். வேக்குவத்தில் காற்று உள்நோக்கிப் போவதால் சோப்பு நுரை குமிழ் விடாது. அதை நம்பி ஏமாற வேண்டாம்.

கசிவை விட்டுவிட்டு டேங்கை இரட்டித்தால், ஒவ்வொரு முறையும் பம்ப் நிற்கும் நேரமும் இரட்டிக்கும், ஓடும் நேரமும் இரட்டிக்கும். மோட்டார் அடிக்கடி கிளம்பும் தொல்லை பாதியாகும் என்பது உண்மையே. ஆனால் மின் கட்டணம் குறையாது, வேக்குவத்தின் ஆழமும் கூடாது, காலையில் முதல் இழுப்புக்கு ஆகும் நேரம் மட்டும் நீளும்.

கம்ப்ரசர் டேங்க் உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டது. வேக்குவத்திலோ காற்று மண்டலம் வெளியிலிருந்து சதுர மீட்டருக்குச் சுமார் 10 டன் வரை அமுக்குகிறது. உள்ளே துருப்பிடித்து மெலிந்த தகடு திடீரென நசுங்கிவிடலாம். கடற்கரைக் காற்றில் பல ஆண்டு நின்ற டேங்க் என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. தகட்டின் கனத்தை அளந்து, முழு வேக்குவத்துக்கு ஏற்றது என்று பொறியாளர் எழுத்தில் தராமல் மாட்டாதீர்கள்.

பம்பின் ஆயில் கண்ணாடியையும் பாருங்கள். சிறிது சிறிதாக ஓடி நிற்கும் பம்ப் போதிய சூட்டை எட்டாததால், நம் ஊர் ஈரக்காற்று ஆயிலில் நீராகத் தங்கும். ஆயில் பால் போல வெளுத்திருந்தால், கசிவை அடைத்த கையோடு அதையும் மாற்றிவிடுங்கள்.